அக்காவின் வேன்

வராத பஸ்ஸை வருகிறது என்று எங்கள் அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து மைக்கில் வண்டிகளை அறிவிப்பதுதான் அவள் உத்தியோகம். கம்பி போட்ட சின்ன அறை, தலைக்கு மேல் ஆடிக்கொண்டே சுற்றும் ஃபேன், முன்னால் தட்டித் தட்டிப் பள்ளம் விழுந்த மைக். கல்யாணத்துக்கு முன்பு அங்கே போய் உட்கார்ந்தவள் தலை நரைத்த பிறகுதான் எழுந்து வந்தாள்.

வண்டி பழுதாகி வராமல் போகும் நாட்களில் மேலதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். "இதோ வருது, இதோ வருதுன்னு சொல்லிட்டே இரும்மா. ஜனங்க சத்தம் போடாம உட்கார்ந்திருப்பாங்க." அக்கா தலையை ஆட்டிவிட்டு மைக்கைத் தட்டி, "அந்த வண்டி இன்னைக்கு வராது. வேற வழி பார்த்துக்குங்க" என்பாள். உடனே கூட்டம் அதிகாரியின் அறையைப் பார்த்துக் கிளம்பும். உள்ளதைச் சொன்னால் எரிச்சல் என்பார்களே, அந்த எரிச்சலில் அவளுக்குக் கடைசிவரை பதவி உயர்வு வரவில்லை. "ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?" என்று நான் கேட்டிருக்கிறேன். "அவங்க என் வாயை நம்பித்தானேடா நிக்கிறாங்க" என்பாள். வாயை நம்பியவர்கள் யாரும் அவளுக்கு ஒரு கப் டீ வாங்கிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கவுண்டரிலிருந்துதான் அவள் ஹாரனைப் பார்த்தாள். ஹாரன் என்பது ஆள். அப்போதே மீசை முளைத்துவிட்ட பையன், ஆனால் அறிவு மூன்று வயதோடு நின்றுவிட்டது. பேச்சு கிடையாது. அவன் அம்மா ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவனையும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஏறியதும் அவன் தன் தலையில் தானே அடித்துக்கொள்வான், கத்துவான். கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடுவார். "டாக்ஸி பிடிச்சுப் போம்மா" என்று யாராவது புத்திசாலி ஜன்னலிலிருந்து யோசனை சொல்வான். டாக்ஸி பிடிக்கிறவள் ஏன் காலர் தைக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றாது.

ஒருநாள் அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்து, "இவனை இங்க விட்டுட்டு நீ வேலைக்குப் போ" என்றாள். அன்று முழுக்க அவன் கவுண்டருக்குள் அவள் காலடியில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்தான். அடித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அம்மா வந்தபோது, உள்ளே நுழைந்த ஒரு பஸ்ஸைப் பார்த்து அச்சு அசலாக அதன் ஹாரனைப் போல ஒரு சத்தம் போட்டான். அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சத்தம் அதுதான் என்று அவன் அம்மா அழுதாளாம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளையும் காலி செய்தாள். இப்படிப்பட்ட வளர்ந்த பிள்ளைகள் பகலில் வந்து இருப்பதற்கு ஒரு இடம். அக்கா வீட்டுக்காரர் வாழ்நாளில் உருப்படியாகப் பேசிய வார்த்தை "உன் இஷ்டம்" ஒன்றுதான். அதை அன்றும் சொல்லிவிட்டு, தன் நாற்காலியைப் பின்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். எந்த பஸ்ஸும் இவர்களை ஏற்றாது என்பதால், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததைப் போட்டு ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினாள். நான் மெக்கானிக். வாங்குவதற்கு முன்பே சொன்னேன், "அக்கா, இது யானையைக் கட்டித் தீனி போடுற கதை." கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என் அக்கா இல்லை.

அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் வேன் தெருத்தெருவாகப் போய் அவர்களை ஏற்றி வரும். அக்காவும் ஒத்தாசைக்கு வந்த பெண்களும் முகம் கழுவிவிடுவார்கள், தலை சீவுவார்கள், சாப்பாடு ஊட்டுவார்கள், மத்தியானம் பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள். சாயங்காலம் வேன் திரும்பக் கொண்டுபோய் விடும். யாரும் படித்து முன்னேறவில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் அத்தனை அம்மாக்கள் காலையில் கதவைப் பூட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்த வேன் கொடுத்தது அதைத்தான்.

டீசலுக்கும் டிரைவருக்கும் ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளை கொடுத்து வந்தது. கொடுக்கிறவர்களையும் அக்காவைப் போலச் சின்ன அமைப்புகளை நடத்துகிறவர்களையும் வருடம் ஒருமுறை ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்துப் பேச விடுவார்கள். அதற்குப் பகிர்வு நாள் என்று பெயர். வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, மேசைக்கு மேசை தண்ணீர் டம்ளர். எங்கள் வேனுக்குக் கொடுத்தவர் டைல்ஸ் கடை முதலாளி. முதல் வருடம் அவர் அக்காவிடம், "உங்க பிள்ளைகள்ட்ட என்னம்மா மாற்றம் தெரியுது?" என்று கேட்டார். "ஒண்ணும் மாறலை சார். அப்படியேதான் இருக்காங்க. அவங்க அம்மாக்கள்தான் கொஞ்சம் தூங்குறாங்க" என்றாள் அக்கா. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை பேரில் பொய் சொல்லாத ஒரே ஆள் இந்த அம்மாதான் என்று பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். பல வருடம் அப்படியே ஓடியது.

பிறகு அறக்கட்டளைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், நல்ல குணம்தான். அவளோடு 'தாக்கம்' என்ற வார்த்தையும் வந்தது. வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். இது வேறு தாக்கமாம். உதவிக்கு முன் எப்படி இருந்தார்கள், உதவிக்குப் பின் எப்படி ஆனார்கள் என்று ஒரு ஆளைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே தானம் கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர்களின் பல்லைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க யாரையாவது கூட்டிட்டு வரணும். இல்லேன்னா வேனுக்கு நான் எப்படிக் கேக்குறது? சார்கிட்ட நான் என்ன காட்டுவேன்?" என்று அந்தப் பெண் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

"என் பிள்ளைங்க பொருட்காட்சி இல்லைம்மா."

"வேன் நின்னுடும் ஆன்ட்டி."

அக்கா சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு வேன் என்றால் தெருத்தெருவாக அத்தனை கதவுகள். அவள் மானத்தைப் பார்த்தால் அந்தக் கதவுகள் திறக்காது.

காட்டுவதற்கு அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஹாரன் தண்ணீர் ஊற்றுவான். ஜக்கைப் பிடித்து டம்ளரில் ஊற்ற அவனுக்குக் கற்றுக்கொடுக்க அவளுக்கு வருடங்கள் ஆயின. கூடம் நனைந்து, பாய் நனைந்து, அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை வழுக்கி விழுந்து, அப்போதும் "உன் இஷ்டம்" என்றே சொல்லி, கடைசியில் கை நிதானத்துக்கு வந்தது. ஊற்ற வந்தது, நிறுத்த வரவில்லை. டம்ளர் நிறைந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அக்கா பக்கத்தில் நின்று மெதுவாக "போதும்" என்பாள், கை நிற்கும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவன் அம்மாவும் சொல்லிப் பார்த்தாள், நிற்காது. பஸ் ஸ்டாண்டில் காலடியில் உட்கார்ந்து கேட்ட அந்தக் குரலுக்கு மட்டும்தான் அவன் கை கட்டுப்படும்.

பகிர்வு நாளன்று அவனுக்கு என் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டோம். ஹாலில் அவன் ஜக்கோடு மேசை மேசையாகப் போனான். அக்கா அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டியபடியே போனாள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு "போதும்". ஒரு சொட்டு சிந்தவில்லை. பணக்கார முகங்கள் எல்லாம் உருகி வழிந்தன. டைல்ஸ் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். பழைய படம் ஒன்றைத் திரையில் போட்டார்கள், ஹாரன் தன் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு தரையில் கிடக்கும் படம். பக்கத்திலேயே இப்போது ஜக்கோடு நிற்கும் படம். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"இவனுக்கு என்னம்மா குறை? நல்லா இருக்கானே" என்றார் டைல்ஸ் முதலாளி.

"வேன் இருக்கறதால சார்" என்றாள் அக்கா.

அவர் அதைக் கேட்டாரா என்று தெரியாது. போட்டோவுக்கு அவன் தோளில் கைபோட்டு நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை பிறகுதான் ஆரம்பித்தது. அடுத்த மாதம் ஒருங்கிணைப்பாளர் பெண் ஒரு கண்ணாடிக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தாள். அக்காவின் அமைப்பு 'நிறைவு' பெற்றுவிட்டதாம். இலக்கை எட்டிய அமைப்புகளில் முதலிடமாம்.

"இனிமே நீங்க சொந்தக் கால்ல நிக்கலாம் ஆன்ட்டி. சார்தான் கமிட்டியில சொன்னார், இவங்க சாதிச்சுட்டாங்க, இன்னும் கஷ்டப்படறவங்களுக்கு அந்த உதவி போகட்டும்னு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "வேன்?" என்று கேட்டாள்.

"இந்த மாசத்தோட முடியுது ஆன்ட்டி" என்ற பெண், அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பதை நிறுத்தினாள்.

வேனைக் காட்டப் போனவள் டம்ளரைக் காட்டிவிட்டு வந்திருந்தாள். நான் நேராக டைல்ஸ் கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். அக்கா தடுத்தாள். அவளே போய்ப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா ஊரே மாறிடும்மா" என்று சொல்லி அனுப்பினார். மரியாதையாகப் பேசி அனுப்புகிறவனிடம் சண்டை போடவும் வழியில்லை. மற்ற இடங்களிலும் கேட்டாள். கேடயம் வாங்கியவளுக்கு எதற்கு உதவி என்று அங்கேயும் அதே பேச்சு.

கொஞ்ச நாள் நானே வேனை ஓட்டினேன். என் கடை படுத்துவிட்டது, என் வீட்டுக்காரியும் பேச்சை நிறுத்தினாள். அப்புறம் இன்சூரன்ஸ் முடிந்தது. வேன் என் ஷெட்டில் நின்றது. பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குள் நின்றார்கள். ஒருத்தியை அவள் அண்ணன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதாகக் கேள்வி. ஹாரனின் அம்மா காலர் தைப்பதை விட்டுவிட்டு, வீட்டிலேயே கிழிசல் தைக்க உட்கார்ந்தாள். அவன் காலையில் எழுந்ததும் சட்டை போட்டுக்கொண்டு வாசல் கதவைப் பிடித்து நிற்பான். தூரத்தில் எந்த வண்டி வந்தாலும் ஹாரன் அடிப்பான். வண்டி நிற்காமல் போகும். மறுபடி தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அக்கா தினமும் அங்கே நடந்து போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். "வேன் எப்ப வரும்னு அவன் என் மூஞ்சியையே பாக்குறான்டா. வராதுன்னு சொல்லிட்டேன். புரியலை" என்றாள் என்னிடம்.

மறு வருடம் பகிர்வு நாள் வந்தது. அந்தப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, நீங்களும் ஹாரனும் கண்டிப்பா வரணும். நீங்க மேடையில உட்கார்ந்து பேசணும். அவர் போன வருஷம் மாதிரியே எல்லாருக்கும் தண்ணி குடுக்கணும். எல்லாரும் அவரைத்தான் கேக்குறாங்க. நாங்க கார் அனுப்புறோம்."

தினமும் அவனை ஏற்றி வர வேன் கிடையாது. ஒருநாள் தண்ணீர் ஊற்ற கார் உண்டு. நான் போனைப் பிடுங்கி வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அக்கா ஒத்துக்கொண்டாள். ஹாரனின் அம்மாவும், "போகட்டும்க்கா. ஒருநாளாவது வண்டியில ஏறட்டும்" என்றாள். ஆனால் அக்கா ஒத்துக்கொண்டது அதற்காக மட்டும் இல்லை. மேடையில் மைக் இருக்கும். வாழ்நாளெல்லாம் மைக்கில் பேசியவள், அந்த மைக்கில் உள்ளதை உள்ளபடி சொன்னால் வேன் திரும்பும் என்று அவள் நம்பினாள். இத்தனைக்குப் பிறகும் நம்பினாள்.

கார் வந்தபோது ஹாரன் அடித்த ஹாரனைத் தெருவே கேட்டது. ஹால் வரை சிரித்துக்கொண்டே வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

ஹாலில் நுழைந்ததும் அந்தப் பெண் அக்காவை மேடைக்குக் கூட்டினாள்.

"நான் மேல உட்கார முடியாதும்மா. அவன் ஊத்தும்போது நான் பக்கத்துல நிக்கணும்."

"போன வருஷம் தனியாத்தானே பண்ணார்?"

"நான் பின்னாடியே நின்னேனேம்மா."

"அப்படியா? நாங்க கவனிக்கலையே ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "சரி, நீங்க பேசி முடிச்சதும் அவர் குடுக்கட்டும்."

அக்கா மேலே போய் உட்கார்ந்தாள். முன்னால் மைக். ஆனால் அறக்கட்டளைத் தலைவர் பேசத் தொடங்கினார், முடிக்கிற வழியாக இல்லை. டைல்ஸ் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. போன வருடத்து ஆளைப் பார்த்த சந்தோஷத்தில், ஓரத்தில் இருந்த ஜக்கை அவரே எடுத்து வந்து ஹாரன் கையில் கொடுத்துவிட்டார். "வாப்பா, என் டம்ளர்ல ஊத்து, இவங்க எல்லாம் பாக்கட்டும்." நான் வேண்டாம் சார் என்று சொல்வதற்குள் அவன் ஊற்ற ஆரம்பித்துவிட்டான்.

டம்ளர் நிறைந்தது. வழிந்தது. விரிப்பு நனைந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "போதும்பா" என்றார். அப்புறம் சிரிக்காமல், "போதும், போதும்" என்றார். சுற்றி இருந்த எல்லோரும் போதும் என்றார்கள், நானும் சொன்னேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் காது ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. தண்ணீர் மேசை விளிம்பைத் தாண்டி முதலாளியின் மடியில் கொட்டியது. நான் மேடையைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை. வார்த்தை வரவில்லையா, அவளே வர விடவில்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஜக் காலியான பிறகுதான் அவன் நிறுத்தினான்.

அப்போதுதான் அக்கா மைக்கில் பேசினாள். "போன வருஷம் நான் பின்னாடி நின்னு போதும்னு சொன்னேன். அதனால நின்னுச்சு. வேனும் அப்படித்தான். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

முதலாளி கைக்குட்டையால் மடியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாவம், பழைய நிலைக்கே போயிட்டான். இவ்வளவு வருஷம் செஞ்சதெல்லாம் வீண்தானே?" பக்கத்தில் இருந்தவர் வருத்தத்தோடு தலையாட்டினார். தேறிவிட்டால் உதவி தேவையில்லை, தேறாவிட்டால் உதவி வீண். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகள் உட்கார அந்த ஹாலில் ஒரு நாற்காலி கிடையாது.

சிப்பந்தி ஒருவன் ஓடி வந்து ஜக்கை வெடுக்கென்று பிடுங்கினான். ஹாரன் மிரண்டுபோய் எல்லோர் முகத்தையும் பார்த்தான். கை மெதுவாகத் தலைக்குப் போனது. ஒரு அடி, இன்னொரு அடி. பெண்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நான் பிடித்தும் நிற்கவில்லை. அக்கா மேடையிலிருந்து இறங்கி, நேராக வந்து, அவன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். பிறகு, பஸ் ஸ்டாண்டே கேட்ட அந்தக் குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"வா கண்ணா, வேன் வந்துருச்சு."

அவன் முகம் அப்படியே மாறியது. ஹால் அதிர ஒரு ஹாரன் அடித்தான். எங்களுக்கு முன்னால் வாசலைப் பார்த்து ஓடினான். வெளியே ரோடு வெறிச்சென்று கிடந்தது. எங்களை அழைத்து வந்த கார்கூட அங்கே இல்லை, சாப்பாட்டுக்குப் பிறகுதான் திரும்ப வருமாம். அவன் நடைபாதை ஓரத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று, ரோட்டின் அந்தக் கோடியையே பார்த்தான். அப்புறம் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயை நம்பி அவன் அங்கேயே நின்றான்.